கொடியை எடுத்துக் கட்டும் கை



சென்ற வாரம் ஒரு மாலையில் ஆற்றங்கரைப் பக்கமாக நடந்து போனேன். நம் பங்கைச் சேர்ந்த ஓர் அண்ணாச்சி தம் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் இருந்து கூப்பிட்டார். குனிந்துதான் உள்ளே போனேன். வெளியே வெயில் இன்னும் சாயவில்லை. உள்ளே ஈரமும் நிழலும். இருபுறமும் அகத்தி வரிசை. அண்ணாச்சி பாத்தியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பழைய வாளி. அதில் வாழைநார் ஊறிக்கொண்டிருந்தது. ஒரு நாரை எடுப்பார், நகத்தால் இரண்டாகக் கிழிப்பார், துவண்டு தொங்கும் கொடியை இடது கையால் அணைத்து அகத்தியோடு சேர்ப்பார், நாரைச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவார். பிறகு அடுத்த கொடிக்கு நகர்வார்.

“நாரை எதுக்கு அண்ணாச்சி ஊறப் போட்டிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“காஞ்ச நாரு பட்டுன்னு ஒடிஞ்சிரும் சாமி. தண்ணியில கெடந்தாத்தான் வளைஞ்சு குடுக்கும்” என்றார். கட்டிய நாருக்கும் கொடிக்கும் நடுவில் தம் சுண்டுவிரலை நுழைத்துக் காட்டினார். “இறுக்கிக் கட்டப்பிடாது. இறுக்குனா கணு நசுங்கிப் போவும். ரொம்ப லேசா விட்டா காத்து புடுங்கிட்டுப் போயிரும். ஒரு வெரலு போற அளவு இருக்கணும்.”

அன்று இரவு மறையுரைக்காக வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனம் அந்த வாளியை விட்டு நகரவில்லை. இன்று உங்களிடம் சொல்ல எனக்கு வேறு உவமையும் இல்லை, வேறு செய்தியும் இல்லை. விழுந்த கொடியைப் பிடுங்கி எறியாமல் எடுத்துக் கட்டுகிறவர் நம் கடவுள். இதை மட்டும் சொல்லத்தான் நிற்கிறேன்.

கொடிக்கால் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆத்தூரும் முக்காணியும் கொற்கையும் அதில் பிழைத்த ஊர்கள். ஊரில் எவ்வளவு வெயில் அடித்தாலும் வெற்றிலைக்கு நேர் வெயில் ஆகாது, கடற்காற்றும் ஆகாது. ஆகவே முதலில் அகத்தியை விதைத்து, அதை ஆள் உயரத்துக்கு வளர்த்து, அதன் நிழலில் கொடியை நட்டு, அதன் உடம்பிலேயே கொடியை ஏற்றுகிறோம். வேறு ஊர்களில் இரும்புக் குழாயை வளைத்து நட்டு, பிளாஸ்டிக் தாளோ நிழல்வலையோ போர்த்திப் பசுமைக்குடில் அமைக்கிறார்கள். நம் முன்னோர் மரத்தைக் கொண்டே கொடிக்குக் கூரை போட்டார்கள். கூரையும் உயிர், உள்ளே இருப்பதும் உயிர். ஆகவே புயல் வந்தால் இரண்டும் சேர்ந்தே விழும்.

2023ஆம் ஆண்டு நம் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பொருநை ஆற்றுத் தண்ணீரால்தான் அந்தக் காரம் என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்ததை நாடே ஒப்புக்கொண்டது போல நாம் மகிழ்ந்தோம். அதே ஆண்டு டிசம்பரில் அதே பொருநைத் தண்ணீர் கொடிக்காலுக்குள் வந்து நின்றது.

அன்பானவர்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். 2023 டிசம்பர் 17. திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. திருச்சபை அதற்கு மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர் வைத்திருக்கிறது. திருவருகை வளையத்தில் ஊதா மெழுகுதிரிகளுக்கு நடுவே இளஞ்சிவப்புத் திரியை ஏற்றும் நாள். வெளியே மழை கொட்ட, உள்ளே அந்தத் திரியை ஏற்றினோம். பெயர் வைத்த புயல் ஒன்றும் அன்று இல்லை. குமரிக்கடல் பக்கம் வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி என்று வானொலி சொன்னது. நம்மில் எத்தனை பேர் அதைக் காதில் வாங்கினோம்? மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கணக்குப் பார்த்தபோது ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையைவிட அதிகமாகக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது.

மேலே பொதிகையிலும் மழை, கீழே கடலோரத்திலும் மழை. திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோவிலை மூழ்கடித்த வெள்ளம் மருதூர் அணையையும் ஸ்ரீவைகுண்டம் அணையையும் தாண்டி நம் பக்கம் இறங்கியது. குளங்கள் உடைந்தன. ஏரல் கடைவீதிக்குள் தண்ணீர் புகுந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள்கூட இப்படிப் பார்த்ததில்லை என்றார்கள். தண்ணீர் வடிந்த பிறகு வாழை படுத்துக் கிடந்தது, வயல் மணல் மூடிக் கிடந்தது. கொடிக்கால்களில் வேர்மண் இளகி அகத்தி சாய்ந்திருந்தது. அதோடு கொடியும் சேற்றில் கிடந்தது. வெற்றிலைக்கு ஈரம் வேண்டும், ஆனால் நிற்கிற தண்ணீர் ஆகாது. சாயாமல் நின்ற கொடிகளும் வேர் அழுகி, சில நாளில் இலை மஞ்சளாகி வாடிப்போயின.

அந்த நாட்களில் உங்களில் ஒரு தாய் என்னிடம் ஒன்று கேட்டார்கள். வீட்டுக்குள் சேறு, நனைந்த பாயைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு வாசலில் நின்றிருந்தார்கள். “சாமி, நாங்க யாருக்கு என்ன பாவம் செஞ்சோம்?” என்று கேட்டார்கள். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். இன்று அந்தக் கேள்வியை மறுபடியும் எடுத்து, ஆண்டவர் முன்னால் வைக்க விரும்புகிறேன்.

இதே கேள்வியை இயேசுவிடமும் கொண்டுபோனார்கள். லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் ஒன்று இடிந்து விழுந்து 18 பேர் இறந்துபோயிருந்தார்கள். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று ஆண்டவரே கேட்டு, இல்லவே இல்லை என்று தாமே பதிலும் சொல்கிறார். விழுந்தவன் மேல் குற்றத்தைச் சாத்துகிற பழக்கத்தை அவர் அங்கேயே நிறுத்தினார். கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரையும் பார்த்து, நீங்கள் மனம் திரும்புங்கள் என்றார். அந்தத் தாய்க்கு நான் இன்று சொல்லும் பதில் இதுதான்: அம்மா, உங்கள் பாவத்துக்காக உங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. அப்படி உங்களிடம் யார் சொன்னாலும், நம் ஆண்டவர் அப்படிச் சொல்லவில்லை.

அப்படியானால் கடவுள் எதற்காக இதை அனுப்பினார் என்று சிலர் கேட்பீர்கள். இங்கே அண்ணாச்சியின் கொடிக்காலுக்கு மறுபடியும் வாருங்கள். கொடி வளர்ந்து அகத்தியின் உச்சியை எட்டிவிட்டால் இலை சிறுத்துப்போகும். அப்போது கொடிக்கால்காரர் கொடியை இறக்கிக் கட்டுவார். கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, இலை உதிர்ந்த அடித்தண்டைச் சுருட்டி மண்ணுக்குள் வைத்து மூடி, நுனியை மட்டும் மேலே எடுத்து மறுபடியும் அகத்தியில் சேர்ப்பார். புதைத்த தண்டில் புது வேர் விடும். கொடி இளமையாகிவிடும். புரியாதவன் பார்த்தால் வளர்ந்த கொடியைக் கெடுக்கிறார் என்பான்.

இந்தக் காட்சியை வைத்து, வெள்ளமும் கடவுள் நம்மை இறக்கிக் கட்டிய வேலைதான் என்று உங்களிடம் சொல்லிவிடுவது எனக்கு எளிது. பல துன்பங்களுக்கு அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆனால் நான் சொல்ல மாட்டேன். கொடியை இறக்குகிறவர் ஒரு கட்டையும் அறுப்பதில்லை, அவிழ்க்கிறார். ஒரு கணுவும் முறியாமல் உள்ளங்கையில் தாங்கி இறக்குகிறார். வெள்ளம் அப்படி இறக்கவில்லை. அது அடித்துச் சாய்த்தது. அடித்துச் சாய்த்ததையும் அணைத்து இறக்கியதையும் ஒன்று என்று சொன்னால், தோட்டக்காரரின் கையை நாம் இழிவுபடுத்துகிறோம். நம் விண்ணகத் தந்தையின் கை எப்படிப்பட்டது என்பதை இயேசுவின் கையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். அந்தக் கை தொழுநோயாளரைத் தொட்டது. இறந்து கிடந்த சிறுமியைப் பிடித்துத் தூக்கியது. தண்ணீரில் மூழ்கிய பேதுருவை எட்டிப் பிடித்தது. அந்தக் கை யாரையும் தண்ணீருக்குள் அமுக்கியதாக நற்செய்தியில் எங்கும் இல்லை.

மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தில் இன்னொரு இரவைப் பார்க்கிறோம். ஏரியில் புயல். படகுக்குள் தண்ணீர் நிரம்புகிறது. ஆண்டவர் பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீடர்கள் எழுப்பி, எங்களைப் பற்றி உமக்குக் கவலையே இல்லையா என்று கேட்கிறார்கள். புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் படகு ஏறுகிறவர்களுக்கு அந்தக் கேள்வி எப்படிப்பட்டது என்று தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலோரத்து வீடுகளில் அந்தக் கேள்வியை விட்டுப் போனது. கடலுக்குப் போன கணவன்மார் பலர் திரும்பவில்லை.

மாற்கு எழுதியிருக்கும் வரிசையைக் கவனியுங்கள். எழுந்த இயேசு முதலில் காற்றை அதட்டினார். கடலை அமைதியாக்கினார். அதற்குப் பிறகுதான் சீடர்களைப் பார்த்து, ஏன் பயப்படுகிறீர்கள், உங்களுக்கு இன்னும் நம்பிக்கை இல்லையா என்று கேட்டார். நீர் கவலைப்படவில்லை என்று கத்தியவர்களிடம் மன்னிப்புக் கேட்கும்படி அவர் சொல்லவில்லை. அவர்கள் சரியாக வேண்டட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. முதலில் இரக்கம், பிறகு கேள்வி. அந்த டிசம்பர் இரவில் மாடியில் நனைந்துகொண்டு, கடவுளே உனக்குக் கண் இல்லையா என்று நீங்கள் கேட்டிருந்தால், அதைப் பாவம் என்று நினைத்து இன்னும் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தால், இன்று அதை இறக்கி வையுங்கள். அதுவும் வேண்டுதல்தான். சீடர்களின் வேண்டுதலும் அதுவாகத்தான் இருந்தது.

சகோதர சகோதரிகளே, அந்த ஞாயிறு காலையில் உலகம் முழுவதும் கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்பட்ட முதல் வாசகம் எசாயா 61ஆம் அதிகாரம். நானும் நீங்களும் கேட்டோம். மழைச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. பிற்பாடு ஒரு நாள் அதைத் தனியாக எடுத்து வாசித்தபோது என் கை நடுங்கியது. ஆண்டவருடைய ஆவியைப் பெற்றவர் எதற்காக அனுப்பப்படுகிறார் என்று அங்கே எழுதியிருக்கிறது. உடைந்த உள்ளங்களுக்குக் கட்டுப் போட அனுப்பப்படுகிறார். வாசகத்தின் முடிவில் ஒரு தோட்டம் வருகிறது. விதைத்ததைத் தோட்டம் முளைக்கச் செய்வது போல ஆண்டவர் நீதியைத் துளிர்க்கச் செய்வார் என்று அந்த வாசகம் முடிகிறது. இன்னும் சில மணி நேரத்தில் நம் தோட்டங்கள் தண்ணீருக்குள் போகப்போகின்றன என்று நமக்குத் தெரியாது. அதற்கு முன்னாலேயே நம் கையில் அந்த வாக்குறுதி கொடுக்கப்பட்டிருந்தது.

நம் தமிழில் ‘கட்டு’ என்ற சொல் எத்தனை வேலை செய்கிறது என்று நினைத்துப் பாருங்கள். வீட்டைக் கட்டுகிறோம். ஆற்றுக்குக் கரை கட்டுகிறோம். காயத்துக்குக் கட்டுப் போடுகிறோம். பயணம் போகிறவனுக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறோம். பிள்ளையைக் கட்டி அணைக்கிறோம். கொடியை எடுத்துக் கட்டுகிறோம். சிதறிக் கிடப்பதைச் சேர்த்துப் பிடிக்கிற வேலை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். கடவுள் புயலுக்குப் பிறகு செய்கிற வேலையும் அதுதான். எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனிடம் போன சமாரியர் முதலில் செய்தது என்ன? எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினார். இந்தச் சாலையில் ஏன் தனியாக வந்தாய் என்று அவர் கேட்கவில்லை.

அந்த வெள்ளத்தில் ஆண்டவர் எந்தக் கையால் கட்டினார் என்று நம் கண்ணாலேயே பார்த்தோம். 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துவிட்டது. நூற்றுக்கணக்கான பயணிகள், குழந்தைகள், முதியவர்கள், ஒரு கர்ப்பிணிப் பெண். சுற்றிலும் தண்ணீர். பேரிடர் மீட்புப் படை போய்ச் சேர்வதற்குள் அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி ஊரார். அவர்கள் ஊருக்குள்ளும்தான் மழை பெய்தது. தங்கள் வீட்டில் இருந்த அரிசியையும் பருப்பையும் எடுத்துக்கொண்டு வந்து கோவிலில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். யார் என்ன சாதி, என்ன மதம், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. ஆண்டவர் சொன்ன சமாரியர் உவமைக்கு நம் ஊரில் விளக்கம் வேண்டுமானால் புதுக்குடிக்குப் போங்கள். அந்த மக்களுக்காக இன்றைய திருப்பலியில் நன்றி சொல்லுவோம்.

இப்போது உங்களிடமும் என்னிடமும் ஒரு கேள்வி. அந்த வாரத்தில் நாம் எல்லாரும் நல்லவர்களாக இருந்தோம். பாலையும் ரொட்டியையும் பங்கிட்டோம், பேசாமல் இருந்தவனோடு பேசினோம். தண்ணீர் வடிந்தது. அரசு அறிவித்த ஆறாயிரம் ரூபாய் வந்தது. சுவருக்கு வெள்ளை அடித்து நீர் நின்ற கோட்டை மறைத்துவிட்டோம். அதற்குப் பிறகு நாம் யாரைக் கட்டினோம்?

ஒரு கொடிக்கால் போனால் அது ஓராண்டு வருமானத்தோடு முடிவதில்லை. மறுபடியும் அகத்தி விதைக்க வேண்டும். அது வளர்ந்த பிறகு கொடி நட வேண்டும். இலை கிள்ள அதற்கு மேலும் மாதங்கள் ஆகும். அதுவரை கையில் காசு வராது. நம் பக்கத்தில் பலருக்கு நிலம் சொந்தம் இல்லை. பட்டா ஒருவர் பெயரில், உழைப்பு இன்னொருவருடையது. நிவாரணம் என்று வரும்போது குத்தகைக்காரர் தம் பாட்டை எந்தத் தாளில் காட்டுவார்? இந்த ஆலயத்தில் குத்தகைக்கு விட்டவர்களும் இருக்கிறீர்கள், குத்தகைக்கு எடுத்தவர்களும் இருக்கிறீர்கள். ஒரே நற்கருணைக்கு ஒரே வரிசையில் வருகிறீர்கள். எசாயாவின் அதே வாசகம் ஆண்டவர் அருள்தரும் ஓர் ஆண்டைப் பற்றியும் பேசுகிறது. கடன் நீக்கி, நிலத்தை மீட்டுக் கொடுத்து, அடிமையை வீட்டுக்கு அனுப்பும் யூபிலி ஆண்டின் நினைவு அது. நிலம் கைவசம் இருக்கிற சகோதரரே, வெள்ளம் கொண்டுபோன பருவத்துக்கும் சேர்த்து அந்தக் குத்தகை பாக்கியை இன்னும் கணக்கில் எழுதி வைத்திருக்கிறீர்களா? அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் செபித்துப் பாருங்கள். மற்றதை ஆண்டவர் சொல்லுவார்.

இன்னொன்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மழை வானத்தில் இருந்து வந்தது. அது போக வழி இல்லாமல் செய்தது நாமும்தான். வாய்க்காலில் அமலைச்செடி அடைத்துக் கிடந்ததைப் பார்த்தபடியே எத்தனை நாள் கடந்து போனோம்? குளத்தின் உள்வாயில் மண் போட்டு மேடாக்கியவர்களைத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டோம். நம் பாட்டன்மார் குடிமராமத்து என்று ஆளுக்கு ஒரு மண்வெட்டியோடு இறங்கித் தங்கள் வாய்க்காலைத் தாங்களே தூர்வாரினார்கள். சீலோவாம் கோபுரத்தைப் பற்றிப் பேசியபோது இயேசு சொன்ன மனம் திரும்புதல் நமக்கு இங்கேயும் இருக்கிறது. தனி ஒருவர் மேல் குற்றம் சாத்த அவர் விடவில்லை. ஆனால் எல்லாரையும் எழுந்து வரச் சொன்னார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலும் பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது. பொருநை நதிக்கரையில் அந்த இரண்டு அழுகையும் ஒரே தெருவில்தான் கேட்கிறது.

அன்பானவர்களே, கட்டும்போது அண்ணாச்சியின் சுண்டுவிரலை மறந்துவிடாதீர்கள். இறுக்கிக் கட்டினால் கணு நசுங்கும். ஆறுதல் சொல்லப் போகிற நாமே சில நேரம் இறுக்கிவிடுகிறோம். அழுகிறவரைப் பார்த்து அழாதே என்கிறோம். எல்லாம் நன்மைக்கே என்கிறோம். அவருக்கு இதைவிட நஷ்டம், உனக்குப் பரவாயில்லை என்கிறோம். நாம் கொடுத்த உதவியை நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டுகிறோம். அது காய்ந்த நாரால் கட்டுகிற கட்டு. ஒன்று நார் ஒடியும், இல்லை கணு ஒடியும். நார் வளைய வேண்டுமானால் முதலில் அது தண்ணீரில் கிடக்க வேண்டும். அழுது பழகிய கண்ணும் இழந்து பழகிய கையும்தான் மற்றவரை நோகாமல் கட்டும். வெள்ளத்தில் நனைந்த நீங்கள் ஒவ்வொருவரும் இப்போது ஆண்டவர் கையில் நனைந்த நார். உங்கள் துன்பத்தை அவர் அனுப்பவில்லை. ஆனாலும் அதை அவர் வீணாக்க மாட்டார்.

நமக்குத் தெற்கே மணப்பாட்டுக் குன்றின் மேல் நிற்கிற திருச்சிலுவையை உங்களில் பலர் முத்தி செய்திருப்பீர்கள். செப்டம்பர் 14 திருவிழாவுக்கு நாம் வண்டி பிடித்துப் போகிறோம். அந்தச் சிலுவையைப் பற்றி நம் முன்னோர் சொல்லிவரும் மரபு இது. 1540ஆம் ஆண்டு வாக்கில் போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று புயலில் சிக்கிப் பாய் கிழிந்து, பாய்மரம் முறிந்து தத்தளித்தது. கரை சேர்ந்தால் இந்த முறிந்த மரத்திலேயே சிலுவை செய்து நாட்டுவேன் என்று மாலுமித் தலைவர் நேர்ந்துகொண்டார். கப்பல் மணப்பாட்டில் கரை ஒதுங்கியது. அந்தக் குன்றின் மேல் சிலுவை எழுந்தது. 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கடற்கரைக்கு வந்தபோது அந்தக் குன்றின் குகையில் தங்கிச் செபித்தார் என்று அதே மரபு சொல்கிறது. புயல் முறித்த மரத்தை அந்த மனிதர் கடலில் எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். இரண்டு துண்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கட்டினார்.

நம் ஊரிலும் அப்படி ஒரு கட்டு நடந்தது. மேட்டில் இருந்ததால் தப்பிய ஒரு கொடிக்காலில் இருந்து, எல்லாம் இழந்த மூன்று வீட்டாருக்கு விதைக்கொடி போனது. வெற்றிலைக்கு விதை என்று தனியாக இல்லை. உயிரோடு இருக்கிற கொடியை வெட்டித்தான் இன்னொரு கொடி உண்டாக வேண்டும். கொடுக்கிறவனுடைய கொடி அன்று குறைகிறது. கொடுத்தவர் காசு வாங்கவில்லை. அவர் பெயரை நான் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சென்ற வாரம் எனக்கு நாரைப் பற்றிச் சொன்ன அண்ணாச்சி அந்த விதைக்கொடியை வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர். அன்று மாலை அவர் கட்டிக்கொண்டிருந்தது அந்தக் கொடியைத்தான்.

திருவருகைக்காலத்தில் நிற்கிறோம். மேகம் கறுத்தால் நம் பிள்ளைகள் இன்னும் மாடிப்படியைப் பார்க்கிறார்கள். இந்தப் பயத்துக்கு நடுவே யாரை எதிர்பார்க்கிறோம்? பெத்லகேமில் பிறந்த பிள்ளையைத் தாய் மரியா துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தினார் என்று லூக்கா எழுதுகிறார். இடையர்களுக்கு வானதூதர் கொடுத்த அடையாளமும் அந்தத் துணியில் சுற்றிய பிள்ளைதான். உடைந்தவர்களைக் கட்ட வந்தவர் முதலில் ஓர் ஏழைத் தாயின் கைக்குத் தம்மைக் கட்டக் கொடுத்தார். கடைசியில் சிலுவையில் இருந்து இறக்கப்பட்டபோதும் துணியில் சுற்றிக் கட்டித்தான் கல்லறையில் வைத்தார்கள். அடித்துச் சாய்க்கப்பட்டுக் கிடப்பது என்னவென்று நம் ஆண்டவருக்கு வெளியில் இருந்து தெரிந்ததல்ல. மண்ணுக்குள் வைக்கப்பட்ட அந்தக் கொடியில்தான் நாம் எல்லாரும் கிளைகளாகத் துளிர்த்திருக்கிறோம்.

ஆகவே என் அன்புப் பிள்ளைகளே, கிறிஸ்துமஸுக்குள் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் நிமிராத வீடு ஒன்று உங்கள் அன்பியத்தில் இருக்கிறது. எது என்று உங்களுக்கே தெரியும். அங்கே போங்கள். வெறுங்கையோடு போனாலும் சரி. அறிவுரை கொண்டுபோகாதீர்கள். கொஞ்ச நேரம் உட்காருங்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், உங்களால் ஆகிற ஒன்றைச் செய்துவிட்டு வாருங்கள். ஜனவரியில் மழை ஓய்ந்ததும் நம் வாய்க்காலைத் தூர்வார ஒரு சனிக்கிழமையைக் குறிப்போம். நானும் மண்வெட்டியோடு வருகிறேன்.

இழந்ததை நினைத்து இன்னும் அழுகிற உங்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. நீங்கள் தரையில் கிடக்கிற கொடி என்று நினைத்தால், பயப்படாதீர்கள். தோட்டக்காரர் பாத்திக்குள் வந்துவிட்டார். உங்கள் பக்கத்தில் குனிந்துதான் உட்கார்ந்திருக்கிறார்.

தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே. ஆமென்.